எடை தெரியும் முன்பே எழுதி முடித்த கதை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாவல் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் படித்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது பெரிய தவம். முடித்து, புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா ஏமாத்தறே."

"என்ன ஏமாத்தறேன்?"

"முடிவு உனக்கு முதல்லயே தெரியும். அதனால முதல் பக்கத்துலேர்ந்து எல்லாரையும் அந்தப் பக்கமாவே தள்ளிக்கிட்டுப் போறே. அவங்க அங்க போய்ச் சேர்ந்ததும், ஆகா என்ன பொருத்தம்னு நீயே கையத் தட்டிக்கிறே. நாங்க இப்படி வேலை பார்த்தா எங்க மூஞ்சியில யாரும் முழிக்க மாட்டாங்க."

அக்கா இயற்பியல்காரி. செத்துப்போன நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவது அவள் வேலை. எனக்குக் கோபம் வந்தது. "அப்போ முடிவு தெரியாம எப்படிக் கதை எழுதறதாம்?" என்று கத்தினேன்.

"என் கதையை எழுது. முடிவு எனக்கே தெரியாது. பெட்டி திறக்கறதுக்குள்ள எழுதி முடிச்சுடணும். திறந்ததுக்கு அப்புறம் ஒரு எழுத்தை மாத்தக்கூடாது. தைரியம் இருக்கா?"

அது என்ன பெட்டி என்று பின்னால் சொல்கிறேன். தைரியம் இருக்கிறது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். கூடவே இன்னும் சில நிபந்தனைகள் வந்தன. அவளை நட்சத்திரத்தோடு ஒப்பிடக் கூடாது. கதையில் வரும் நட்சத்திரத்தின் பெயரை எழுதக் கூடாது. எழுத எழுத அவளிடம் காட்டவேண்டும், தப்பு இருந்தால் அவள் திருத்துவாள். கீழே சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் கைவரிசை. நான் அதை அழிக்கக் கூடாதாம்.

[நல்ல பிள்ளை.]

2

முதல் வாக்கியத்துக்கு நான் பட்ட பாடு:

'ஒரு தேக்கரண்டி நியூட்ரான் நட்சத்திரத்தை எடுத்துத் தராசில் வைத்தால், ஒரு மலையின்

[கரண்டி வந்தா நான் கதையில இருக்க மாட்டேன். ஊர் உலகத்துல எல்லாரும் அந்தக் கரண்டியத்தான் தூக்கிக்கிட்டுத் திரியறாங்க.]

சரி.

'அவள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். எண்ணற்ற நட்சத்திரங்கள்

[நான் வானத்தைப் பார்த்து வருஷக்கணக்காச்சு. எனக்குக் கழுத்து வலி.]

இதுவும் போயிற்று. ஆகவே வாசகரே, அலங்காரம் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய நட்சத்திரம் ஒன்றின் நடுவில் எரிபொருள் தீர்ந்துபோனால், அந்த நடுப்பகுதி தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளே இடிந்து விழுகிறது. கண்ணிமைக்கும் நேரம்தான். அணுக்கள் நொறுங்கி, அணுக்கருக்களே ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். அங்கே போனதும் பொருள் சண்டைக்கு நிற்கிறது. இனி நகரமாட்டேன் என்கிறது. விழுந்துகொண்டிருந்தவை எல்லாம் அதில் மோதி எகிறுகின்றன. பல நேரம் வெளிப்பகுதி வெடித்துச் சிதறிவிடுகிறது. மிச்சம் நிற்பது ஒரு நகரத்தின் அகலமே உள்ள உருண்டை. எடை மட்டும் நம் சூரியனைவிட அதிகம். அதுதான் நியூட்ரான் நட்சத்திரம்.

அந்த உருண்டையின் நடுவில் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பூமியில் அப்படியே செய்து பார்க்க வழியில்லை. இதில்தான் என் அக்கா ஒரு வார்த்தை சொன்னாள்.

நெரிசலான பேருந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இருக்கையில் இரண்டு நியூட்ரான்கள் உட்கார முடியாது, இயற்கையின் சட்டம். கூட்டம் சேரச் சேர, புதிதாக வருகிறவன் மேல்தட்டு இருக்கைக்குத்தான் ஏறவேண்டும். மேலே போகப்போக ஆட்டமும் இடியும் அதிகம். சுவர்களை வெளியே தள்ளும் விசையும் அதிகம். அந்தத் தள்ளல்தான் நட்சத்திரத்தை நசுங்காமல் தாங்குகிறது. அக்கா சொன்னது இது: ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால், சில நியூட்ரான்கள் வேறு வகைத் துகளாக மாறிவிடும். ஹைப்பரான் என்று பெயர். வகை வேறு என்பதால் அவற்றுக்கு அடித்தட்டிலிருந்தே தனி இருக்கை. மேலே தொங்கியவர்கள் வகை மாறிக் கீழே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நெரிசல் தணியும். தள்ளல் குறையும். உள்ளே பொருள் இளகும்.

[பேருந்து பரவாயில்லை. யாரும் இறங்க முடியாத பேருந்துன்னு சேர்த்துக்கோ.]

யாரும் இறங்க முடியாத பேருந்து.

இளகினால் அதிக எடையைத் தாங்காது. ஓர் எல்லைக்கு மேல் எடை ஏறினால் நட்சத்திரம் இன்னும் உள்ளே சரிந்து கருந்துளையாகிவிடும். அந்த எல்லை எங்கே என்பதைத்தான் அக்கா இளம் வயதிலேயே கணக்குப் போட்டு, ஒரு வளைகோடாக வரைந்தாள். துறையில் அதற்கு ஏதோ நீளமான பெயர். எங்கள் வீட்டில் இளகுகோடு.

3

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். அனுமதி தராவிட்டாலும் பீற்றிக்கொள்வேன்.

சின்ன வயதிலேயே அம்மா அவளுக்கு வைத்த பெயர் அழுத்தக்காரி. அடித்தால் அழமாட்டாள், கெஞ்சினால் இறங்கிவரமாட்டாள். அவள் இளகுகோட்டை முதன்முதலில் அரங்கத்தில் காட்டியபோது முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்களாம். ஒருவர் எழுந்து, "பாப்பா, இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தது?" என்று கேட்டாராம். அக்கா, "ஐயா, தப்பு எந்த வரியிலேன்னு சொல்லுங்க, போட்ட ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாளாம். அவர் அன்று முழுதும் தேடினார். வரி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கோடுகள் வந்து போயின. இந்தத் துறையில் ஒரு படம் உண்டு. ஒரு பக்கம் நட்சத்திரத்தின் அகலம், மறுபக்கம் எடை, நடுவில் ஆளுக்கொரு வளைகோடு. யாராவது ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தை எடை போட்டுவிட்டால், அந்த எடையில் படத்துக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு இழுப்பார்கள். எந்த வளைகோட்டின் உச்சி அதை எட்டவில்லையோ அது செத்தது. மேல்முறையீடு கிடையாது. கனமான நட்சத்திரம் ஒன்று வந்தால் போதும், ஒருவருடைய ஆயுள் உழைப்பு மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். அப்படி முடிந்தவர்களை அக்காவுக்குத் தெரியும். ஒருவர் இப்போது வேறு துறையில் இருக்கிறார். எதிரில் வந்தால் படத்தைப் பற்றிப் பேசமாட்டார்.

அக்காவின் கோடு இதுவரை ஒவ்வொரு நேர்கோட்டையும் தாண்டித் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது வானத்தில் ஒரு புதிய நட்சத்திரம். கனமானதாக இருக்கலாம் என்று பேச்சு. அதை எடை போடுகிற குழு அக்காவின் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கிறது. அந்தக் குழுவில் நேரம் குறிக்கிற ஆள் யார் தெரியுமா? அத்தான். அக்காவின் கணவர்.

கதைக்காக நான் கட்டியது என்று நினைப்பீர்கள். கட்டியிருந்தால் இன்னும் நம்பும்படியாகக் கட்டியிருப்பேன்.

4

நட்சத்திரத்தை எப்படி எடை போடுவது? அத்தான் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

நியூட்ரான் நட்சத்திரம் சுழன்றபடி ரேடியோத் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். கடிகாரம் தோற்கும் ஒழுங்கு. இந்த நட்சத்திரத்துக்கு ஒரு துணை நட்சத்திரம் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணை குறுக்கே வரும்போது துடிப்பு அதை உரசிக்கொண்டு நம்மிடம் வரவேண்டும். துணையின் எடை அங்கே இடத்தையே வளைத்து வைத்திருப்பதால், துடிப்பு ஒரு துளி தாமதமாக வந்துசேரும். தாமதம் எவ்வளவோ, துணையின் எடை அவ்வளவு. துணையின் எடை கூடினால், சுற்றுக் கணக்கின்படி நம் நட்சத்திரத்தின் எடையும் கூடும். ஆகவே எல்லாம் தாமதத்தில் இருக்கிறது. எந்தத் துடிப்பு எப்போது வந்தது என்று குறித்து, குப்பையைக் களைந்து, சுத்தமாக மேலே அனுப்புவது அத்தான் வேலை.

இனி அந்தப் பெட்டி. இந்தக் குழுவில் ஒரு வழக்கம். கண்கட்டு என்று சொல்கிறார்கள். கணக்குப் போடுகிறவர்களுக்கு ஆசை இருக்கும். ஆசைப்பட்ட எண் வந்தால், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். வராவிட்டால் தப்பைத் தேடுவார்கள். மனுஷ சுபாவம். அதனால் கணினி தொடக்கத்திலேயே ஒரு ரகசிய எண்ணை விடையோடு கலந்துவிடும். திரையில் தெரிவது பொய் எடை. எவ்வளவு பொய் என்பது யாருக்கும் தெரியாது. முறை முழுவதும் சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு, எல்லார் முன்னாலும் ஒருநாள் அந்த ரகசிய எண்ணை எடுத்துவிடுவார்கள். அதுதான் பெட்டி திறப்பது. பிறகு வருவது வந்ததுதான். முறையைத் தொடக்கூடாது. தப்பு தெரிந்தால் திறப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. தொலைபேசியில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை அங்கதானே வேலை பார்க்கறாரு? கனமா லேசான்னு ஜாடையா கேட்டுப் பாரேன்."

"அவருக்கும் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது."

"யாருக்குமே தெரியாத கணக்கை எதுக்குடி இத்தனை பேர் உக்காந்து போடறீங்க?"

"தெரிஞ்சா தப்பாப் போட்டுடுவோம்னுதான்."

"நல்ல படிப்பு படிச்சீங்க போ!"

5

விடுமுறை நாள் காலை. அடுக்குமாடி வீட்டின் பால்கனி. துவைத்த துணி ஒரு வாளி நிறைய. அத்தான் கிளிப்புகளை எடுத்துக் கொடுக்கிறார், அக்கா கொடியில் போடுகிறாள். அடுத்த மாடியில் யாரோ தரைவிரிப்பைத் தட்டுகிறார்கள். பெட்டி திறக்கும் நாள் குறித்தாகிவிட்டது. எண்ணைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்பது ஒப்பந்தம். முறையைப் பற்றிப் பேசலாம், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அத்தானுக்கு அன்று நல்ல உற்சாகம்.

"இந்தத் தடவை குப்பை களையறதுக்கு ஆள் உக்கார வேண்டியதே இல்ல. என் பழைய வடிகட்டி ப்ரோகிராமையே மாட்டி விட்டுட்டேன். அது பாட்டுக்குக் களைஞ்சுக்கிட்டே இருக்கு."

"எதைக் களையுது?"

"நேரம் தப்பி வர்றதை. ரொம்ப முன்னாடி வந்தாலும் ரொம்ப லேட்டா வந்தாலும் தூக்கிடும். ஏதோ கைபேசி, ஏதோ விமானம், குறுக்க வந்து கெடுத்துடும் இல்லையா? அதெல்லாம் போயிடும்."

அக்காவின் கையில் ஒரு ஈரப் போர்வை. அது அப்படியே நின்றது.

வாசகரே, நீங்கள் பிடித்துவிட்டீர்களா? ரொம்ப லேட்டாக வருகிற துடிப்பு எது? துணையை ஒட்டி உரசிக்கொண்டு வருகிற துடிப்பு. எடையைச் சுமந்துகொண்டு வருவதே அதுதான். அத்தானின் வடிகட்டி அவர் இளைஞராக இருந்தபோது, துணையே இல்லாமல் தனியாகச் சுழலும் நட்சத்திரங்களுக்காக எழுதியது. அங்கே தாமதம் என்றால் குப்பை. இங்கே தாமதம்தான் சரக்கு. எடையைச் சொல்ல ஓடிவந்த சாட்சியை, நேரத்துக்கு வரவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியாயிற்று. மேல்மாடியில் அத்தனை பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகக் கணக்குப் போட்டார்கள். கணக்குக்குள் வராமலே போனதைக் கண்கட்டு எப்படிக் காட்டும்?

அக்கா உடனே பிடித்துவிட்டாள். இன்னொன்றையும் பிடித்துவிட்டாள். தாமதத்தின் உச்சி வெட்டுப்பட்டால் எடை குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிந்தால் இளகுகோடு பிழைக்கும். திருத்தினால் எடை ஏறும். எங்கேபோய் நிற்கும் என்பது தெரியாது, ஆனால் ஏறும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. போர்வையைக் கொடியில் போட்டாள். அடுத்த துணியை எடுத்தாள்.

6

இந்த இடத்தில் நான் மூன்று முறை மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் அத்தானை வில்லனாக்கினேன். மனைவியின் கோட்டைக் காப்பாற்றவே அவர் வேண்டுமென்று வடிகட்டியைப் போட்டார் என்று எழுதினேன். காதல், துரோகம், சூடு, சுவை. அத்தான் அதைப் படித்துவிட்டு, "எனக்கு அவ்வளவு மூளை இருக்குன்னு நினைக்கிறியே, சந்தோஷம்பா" என்றார். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவில் அக்கா உடனே சொல்லிவிடுகிறாள். ஒரு கணமும் தயங்கவில்லை. உத்தமி. அதைப் படித்து அவளே முகத்தைச் சுளித்தாள்.

[பொய். நான் தயங்கினேன்.]

மூன்றாம் வரைவில் அவளைக் குளியலறையில் தாழிட்டுக்கொண்டு அழவைத்தேன்.

[அழவெல்லாம் இல்ல. துணி காயப்போட்டேன். அந்த வாளி காலியாகற வரைக்கும் சொல்லல.]

அப்போது என்ன நினைத்தாய் என்று நேரிலேயே கேட்டேன். எழுத்தாளன் கேட்கக் கூடாத கேள்வி. தானே கண்டுபிடித்து எழுதவேண்டும். ஆனால் எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னாள். இதை நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"முதல்ல தோணினது, இது என் வேலை இல்லையேன்னு. நான் அந்தக் குழுவுலயே இல்ல. அவங்க வடிகட்டி, அவங்க பாடு. அப்புறம் தோணினது, யாராவது பின்னாடி கண்டுபிடிப்பாங்க, அதுவரைக்கும் என் கோடு இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் உன் அத்தானோட சட்டை ஒண்ணு வந்துது. காலரை இழுத்து நேராக்கினேன். அப்போ அந்தப் பெரியவர் ஞாபகம். தப்பு எந்த வரியிலேன்னு சொல்லுங்கன்னு அவரைக் கேட்டேனே. இப்போ எனக்கே ஒரு வரி தெரியுது, நான் சொல்லாம இருந்தா, அன்னிக்கு அவர் சிரிச்சது நியாயம்தான்னு ஆயிடும். என் கோடு நிக்கறதா இருந்தா சொந்தக் காலில நிக்கட்டும். இல்லையா, விழட்டும்."

வாளி காலியானது. அவள் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, உங்க வடிகட்டி அந்த நட்சத்திரத்துக்குத் துணை இருக்கறதை மறந்துடுச்சு."

அத்தானுக்கு அரை நொடி ஆயிற்று. அடுத்த நொடி கையில் இருந்த கிளிப்புகள் எல்லாம் தரையில். "அய்யய்யோ" என்று வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"உங்க வடிகட்டி நல்ல வடிகட்டிதான். தப்பான இடத்துல மாட்டிட்டீங்க."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். "இதைத் திருத்தினா எடை ஏறுமேம்மா. உன் கோடு..."

"தெரியும்."

"நானே போய்ச் சொல்லிடறேன். தப்பு என்னது."

"வேண்டாம். நீங்க சொன்னா, பெட்டி திறக்கற நேரத்துல பொண்டாட்டிக்காக ஏதோ நோண்டறாருன்னு ஒரு பேச்சு வரும். நான் சொன்னா நஷ்டம் எனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும், எதுக்காகன்னு எவனும் வாயைத் திறக்க முடியாது."

அத்தான் அவளைப் பார்த்த பார்வையை எழுத மூன்று வாக்கியம் போட்டு மூன்றையும் அடித்துவிட்டேன். அவர் குனிந்து கிளிப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அவளும் உட்கார்ந்து பொறுக்கினாள்.

7

மேல்மாடிக் கூட்ட அறை. நீள மேசை, சுவர் நிறையத் திரை, ஆறிப்போன காபி. குழுவின் தலைவி கண்டிப்பானவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அழைக்காமல் வந்த அக்காவைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"பெட்டி திறக்கற நேரத்துல கோடு வரையறவங்களுக்கு இங்க என்ன வேலை?"

நியாயமான கேள்வி. அக்கா உட்காரவில்லை. துணை குறுக்கே வரும்போது தாமதம் ஏறி இறங்குவதை வெள்ளைப் பலகையில் ஒரு மேடாக வரைந்தாள். மேட்டின் உச்சியைக் கையால் அழித்தாள்.

"உங்க வடிகட்டி இதை வெட்டுது. எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க."

அத்தான் எழுந்தார். "அவ சொல்றது சரி. நான் எழுதின வடிகட்டி. என் தப்பு" என்றார். நின்றுகொண்டே சொன்னார். அந்த நிற்றலுக்காகவே அத்தானை எனக்குப் பிடிக்கும்.

தலைவி பலகையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"திருத்தினா எடை எந்தப் பக்கம் போகும்?"

"ஏறும்."

"ஏறினா உங்க கோடு என்ன ஆகும்னு தெரியுமா?"

"என் கோடுங்க. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

தலைவி சிரிக்கிற ஆள் இல்லை. அன்றும் சிரிக்கவில்லை. தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அக்காவின் பக்கம் நகர்த்திப்போட்டார். "உக்காருங்க. எந்த இடத்துல வெட்டுது, எல்லாருக்கும் விளக்குங்க" என்றார். மீதிக் கூட்டம் முழுவதும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

(எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை நாசூக்காக எழுதும் வழி எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்டதும், இவள் என் அக்கா என்று தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லவும் செய்தேன், பழக்கடைக்காரரிடம். அவர், அப்படியா, சந்தோஷம், எத்தனை கிலோ என்றார்.)

சிற்றுண்டிச் சாலையில் இன்னொருவர் அவளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பொருள் இளகவே இளகாது என்று சாதிக்கிற கெட்டிக்கோட்டுக்காரர். அக்காவின் எதிரி, நண்பர், இரண்டும். எடை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கோட்டுக்கு ஆபத்தில்லை.

"ஏம்மா, உனக்கு என்ன தலையெழுத்து? சும்மா இருந்திருந்தா ரெண்டு கோடும் பிழைச்சிருக்குமே. யாராவது சொந்தக் காசுல சூனியம் வெச்சுப்பாங்களா?"

"உங்களுக்கு ஏன் சார் வயித்தெரிச்சல்? நான் விழுந்தா உங்களுக்கு லாபம்தானே?"

"இப்படி விழுந்தா எனக்கு என்ன மரியாதை இருக்கு?" என்று அவர் கோபித்துக்கொண்டு தன் கேக்கில் பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

வடிகட்டி எடுக்கப்பட்டது. துரத்தப்பட்ட துடிப்புகள் திரும்ப அழைக்கப்பட்டன. கணக்கு மறுபடி ஓடியது, கண்ணைக் கட்டிக்கொண்டேதான். திரையில் பொய் எடை ஏறியது. பொய்யான இடத்திலிருந்து இன்னொரு பொய்யான இடத்துக்கு. உண்மை எங்கே என்று இன்னமும் எவருக்கும் தெரியாது.

8

இப்போது எனக்கு முடிவு வேண்டும். கையில் மூன்று வைத்திருக்கிறேன்.

எடை ஏறியும் போதவில்லை. நேர்கோடு அக்காவின் கோட்டுக்குக் கீழேயே விழுகிறது. உண்மை சொன்னவள் ஜெயித்தாள், அரங்கம் எழுந்து நிற்கிறது. வாசகருக்குப் பிடிக்கும். பதிப்பாளருக்கு ரொம்பப் பிடிக்கும்.

[சினிமா.]

அல்லது நட்சத்திரம் கனம். இளகுகோடு செத்தது. அக்கா அன்று மாலையே பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு கோட்டைத் தொடங்குகிறாள். சோகம், ஆனால் நிமிர்ந்த சோகம்.

[அன்னிக்கே எல்லாம் தொடங்க மாட்டேன். ஒரு வாரம் யார்கிட்டயும் பேச மாட்டேன். அப்புறம்தான் தொடங்குவேன்.]

மூன்றாவது: நேர்கோடு சரியாக அவள் கோட்டின் உச்சியில் வந்து உட்காருகிறது. பிழை வரம்புக்குள். செத்ததா பிழைத்ததா என்று சொல்ல முடியாது. இன்னொரு நட்சத்திரம் கிடைக்கும்வரை எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

[பாரு, இதுதான் நடக்கும். எப்பவும் இதுதான் நடக்கும். எரிச்சல்.]

அத்தானிடம் கேட்டேன். கரண்ட் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதல் முடிவில்தான் ஆசை. இத்தனை பக்கமும் உங்களை அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். முன்வரிசைப் பெரியவரைச் சிரிக்கவைத்தது அதற்காக. நாற்காலியை நகர்த்தியதை அவ்வளவு விரிவாகச் சொன்னதும் அதற்காக. நீங்களும் இப்போது அவள் ஜெயிக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? பார்த்தீர்களா, நமக்கு ஏன் கண்கட்டு தேவை என்று? அந்த நட்சத்திரம் என்றைக்கோ இடிந்து, எகிறி, குளிர்ந்து, தனக்கு உரிய எடையோடு சுழன்றுகொண்டிருக்கிறது. நம் ஆசைக்காக அது ஒரு துளி இளைக்காது.

9

மேல்மாடி நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டி திறக்கிற நாள். எதிரே கூட்ட அறை. ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். தலைவி போனார். கெட்டிக்கோட்டுக்காரர் புதுச் சட்டையோடு போனார். அத்தான் போகிறபோது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா கடைசியாக வந்தாள். என் மடியில் இருந்த தாள்களை வாங்கி, நின்றுகொண்டே புரட்டினாள். பேனா கேட்டு வாங்கி ஒரு கால்புள்ளியைத் திருத்தினாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா?"

"அன்னிக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுதா?"

"இல்ல." யோசிக்காமல் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "கோடும் நான் போட்டது, அந்தத் திருத்தமும் நான் போட்டது. ரெண்டுல எது நின்னாலும் என்னோடதுதானேடா" என்றாள். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். அம்மா பார்த்திருந்தால், அழுத்தக்காரி, அழுத்தக்காரி என்று கன்னத்தைக் கிள்ளியிருப்பாள்.

கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உள்ள கைதட்டல் கேட்டா எதையும் முடிவு பண்ணிடாதே. எந்த எண் வந்தாலும் தட்டுவோம். அது எங்க வழக்கம்."

"சரிக்கா."

"முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன்."

"முற்றுப்புள்ளி வை. நான் போறேன்."

வைக்கிறேன். வாசகரே, இன்னும் சிறிது நேரத்தில் எனக்கு அந்த எண் தெரிந்துவிடும். ஆனால் இந்தத் தாளில் அது ஏறாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்த முடிவு வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு, அதை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கதவு சாத்திக்கொண்டது. எந்த எண் வந்தாலும் உள்ளே முதலில் தட்டப்போகும் கை அந்த அழுத்தக்காரியுடையது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எந்தப் பெட்டியையும் திறக்கவேண்டியதில்லை.